விளம்பரத்தில் 489 கி.மீ... ஹைவேயில் எவ்வளவு? எலெக்ட்ரிக் காரில் ரேஞ்சை கூட்டுவது எப்படி?

பொங்கல், தீபாவளி, முழுப்பரீட்சை லீவு என்று எது வந்தாலும் சென்னையில் இருந்து தெற்கே போகும் கார் வரிசையில் பச்சை நம்பர் பிளேட்டுகளை இப்போது சகஜமாகப் பார்க்க முடிகிறது. ஊருக்குள் ஓட்டும்போது "பெட்ரோல் பங்க் பக்கமே போறதில்ல" என்று பெருமையாகச் சொல்பவர்கள்தான், ஹைவே ஏறியதும் டிஸ்ப்ளேயில் இருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 50 கி.மீ.தான் போயிருப்பார்கள், ரேஞ்ச் 80 கி.மீ. குறைந்திருக்கும்.

இது கார் கோளாறா? பேட்டரி போய்விட்டதா? இரண்டும் இல்லை. நெடுஞ்சாலையில் எலெக்ட்ரிக் கார் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்கான காரணம் தெரிந்துவிட்டால், அதே பேட்டரியில் 50, 60 கி.மீ. கூடுதலாக ஓட்டுவது பெரிய வித்தை இல்லை.

அப்போ கம்பெனி சொல்வது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது ஹைவேக்கான கணக்கும் இல்லை.

டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் காரின் 45 கிலோவாட் ஹவர் மாடலை எடுத்துக்கொள்வோம். அதற்குச் சொல்லப்படும் அதிகாரப்பூர்வ ரேஞ்ச் 489 கி.மீ. அதே நிறுவனமே, வாடிக்கையாளர்களுக்கு நிஜ சாலையில் 350 முதல் 370 கி.மீ. கிடைக்கலாம் என்று இன்னொரு எண்ணையும் தருகிறது. ஒரே கார், ஒரே பேட்டரி. எண் மட்டும் இரண்டு.

489 என்பது எம்ஐடிசி என்ற இந்திய சோதனை முறையில் வந்த எண். அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை, உருளைகள் மேல் காரை நிறுத்தி ஓட்டுவார்கள். அதில் வரும் அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். சராசரி வேகம் 30 சொச்சம். ஏசி ஓடாது. திண்டிவனம் தாண்டி நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, டிக்கி நிறைய சாமானோடு, ஏசியும் போட்டு 100-ல் போகிறவருக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. ஆக, விளம்பர எண்ணை இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தலாம். பயணத்தைத் திட்டமிட அது உதவாது.

பெட்ரோல் காருக்கு நேர் எதிர்

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோல் காரில் சிட்டியில் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். எலெக்ட்ரிக் காரில் இது அப்படியே தலைகீழ்.

காரணம் சிம்பிள். பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைக்கும் எரிசக்தியில் பெரும் பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. சிக்னலில் நிற்கும்போதும் எரிபொருளைக் குடிக்கிறது. எலெக்ட்ரிக் மோட்டார் நின்றால் செலவே இல்லை. பிரேக் பிடித்தால் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வரும். அதனால் தி.நகர் டிராஃபிக்கில் அது ராஜா. ஹைவேயில் பிரேக்கே அதிகம் பிடிப்பதில்லை. திரும்பி வர எதுவும் இல்லை, செலவு மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உள்ளது. (ஒரு கிலோவாட் ஹவர்தான் நாம் ஈபி பில்லில் பார்க்கும் ஒரு யூனிட்.) அப்படிப் பார்த்தால் 40 யூனிட் பேட்டரி என்பது நாலரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நாலரை லிட்டரை வைத்துக்கொண்டு 250, 300 கி.மீ. ஓடுவதே எலெக்ட்ரிக் காரின் சாமர்த்தியம்தான். ஆனால் கையிருப்பு கொஞ்சம் என்பதால், வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் உடனே கண்ணுக்குத் தெரிகிறது.

ஹைவேயில் பேட்டரியைத் தின்பது யார்?

காற்று. ஏசியும் இல்லை, ஹெட்லைட்டும் இல்லை, மியூசிக் சிஸ்டமும் இல்லை.

கார் ஓடும்போது எதிரே உள்ள காற்றைப் பிளந்துகொண்டுதான் போக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-ல் இருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம்தான், காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடிவிடும். 120-ல் போனால் 80-ல் இருந்ததைவிட இரண்டே கால் மடங்கு.

டயர் உருளும் எதிர்ப்பு, ஏசி செலவு எல்லாவற்றையும் சேர்த்து, நான்கு பேர் உட்கார்ந்த ஒரு காம்பாக்ட் எஸ்யூவிக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. ஓட சுமார் 11.5 யூனிட். 80-ல் சுமார் 14 யூனிட். 100-ல் சுமார் 18. 120-ல் 22-ஐத் தாண்டும்.

இதையே 40 யூனிட் பேட்டரிக்குப் போட்டுப் பார்த்தால் 80-ல் 280 கி.மீ. ஓடும் கார் 100-ல் 220 கி.மீ.தான் ஓடும். 120-ல் 180 கி.மீ. கூட வராது. காருக்குக் கார் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். தாழ்வான செடான் என்றால் செலவு குறையும், உயரமான பெட்டி மாதிரி எஸ்யூவி என்றால் கூடும். ஆனால் வேகம் ஏற ஏற ரேஞ்ச் சரிவது எல்லா எலெக்ட்ரிக் காருக்கும் பொது.

அதனால் ஹைவேயில் ரேஞ்சைக் கூட்ட நூறு டிப்ஸ் தேவையில்லை. வலது கால் ஒன்று அடங்கினால் பாதி வேலை முடிந்தது.

மெதுவாகப் போனால் ஊர் போய்ச் சேர லேட் ஆகாதா?

நியாயமான கேள்வி. தாம்பரம் - மதுரை சுமார் 430 கி.மீ. என்று வைத்துக்கொண்டு அதே 40 யூனிட் காரில் கணக்குப் போடலாம். புறப்படும்போது ஃபுல் சார்ஜ், மதுரையில் இறங்கும்போது 10 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும்.

100-ல் போனால் மொத்தம் சுமார் 77 யூனிட் தேவை. வழியில் 41 யூனிட் ஏற்ற வேண்டும். ஒரே ஸ்டாப்பில் அவ்வளவு ஏற்ற முடியாது, இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். 80-ல் போனால் சுமார் 60 யூனிட் போதும். வழியில் 24 யூனிட், ஒரே ஸ்டாப்.

சராசரியாக 40 கிலோவாட்டில் ஏறினால் முதல் காருக்கு சார்ஜிங் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது காருக்கு 36 நிமிடம். சாலையைவிட்டு இறங்கி, ஆப் திறந்து, கன்னை மாட்டுவது என்று ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 10, 15 நிமிடம் தனி. இதெல்லாம் போக, 100-ல் போகிறவர் பேப்பரில் 25 நிமிடம் போல முன்னாடி போய்ச் சேருவார். ஆமாம், வேகமாகப் போகிறவர்தான் ஜெயிக்கிறார். ஆனால் 25 நிமிடம் மட்டும்.

அதுவும் இரண்டு சார்ஜரும் வேலை செய்து, இரண்டு இடத்திலும் க்யூ இல்லாமல் இருந்தால்தான். பொங்கலுக்கு முந்தின நாள் ஏதாவது ஒரு இடத்தில் நமக்கு முன்னால் ஒரே ஒரு கார் நின்றாலும் அந்த 25 நிமிடம் காலி. செலவையும் பார்க்க வேண்டும். ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால், 41 யூனிட்டுக்கு 902 ரூபாய், 24 யூனிட்டுக்கு 528 ரூபாய். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

அதற்காக எப்போதும் 80-ல்தான் போக வேண்டும் என்று இல்லை. அடுத்த சார்ஜர் பக்கத்தில் இருக்கிறது, பேட்டரியில் தாராளமாக இருக்கிறது என்றால் சாலையில் அனுமதித்த வேகத்தில் போகலாம். அடுத்த ஸ்டாப் தூரம் என்றால் ஆரம்பத்திலேயே 80, 85-க்கு இறங்கிவிட வேண்டும். 15 சதவீதம் வந்த பிறகு மெதுவாகப் போவதில் பெரிய லாபம் கிடைக்காது, ஏனென்றால் மிச்சப்படுத்த அதில் ஒன்றும் இல்லை.

டிஸ்ப்ளேயில் காட்டும் ரேஞ்சை நம்பலாமா?

ஹைவேயில் முதல் ஒரு மணி நேரம் நம்பவே கூடாது.

கார் காட்டும் ‘இன்னும் இத்தனை கி.மீ.’ என்ற எண், இதுவரை எப்படி ஓட்டினீர்கள் என்பதை வைத்துப் போடும் கணக்கு. ஒரு வாரமாக வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் இடையில் 30-ல் ஊர்ந்த காரிடம் கேட்டால், மதுரைக்கும் அதே வேகத்தில்தான் போகப் போகிறோம் என்று நினைத்துச் சந்தோஷமாக 340 என்று காட்டும். இனிமேல் 100-ல் போகப் போவது அதற்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பதில் ஒரு எளிய வழி இருக்கிறது. கி.மீ. எண்ணை மறந்துவிட்டு, சதவீதத்தை மட்டும் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதுதான் உங்கள் காரின் அன்றைய ஜாதகம்.

பரனூர் டோல்கேட்டைத் தாண்டும்போது பேட்டரி 92 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்துவிட்டு 50 கி.மீ. ஓட்டுங்கள். திண்டிவனம் வருவதற்குள் விடை கிடைத்துவிடும். 70 சதவீதம் காட்டினால் 50 கி.மீ.க்கு 22 சதவீதம் போயிருக்கிறது. அதாவது ஒரு சதவீதத்துக்கு 2.3 கி.மீ. கூட இல்லை. 10 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கிவிட்டால் மிச்சம் 60 சதவீதம், சுமார் 135 கி.மீ. உளுந்தூர்பேட்டை நிச்சயம், பெரம்பலூர் எட்டாது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அதே தூரத்தை 80-ல் ஓட்டி 75 சதவீதம் காட்டினால் ஒரு சதவீதத்துக்கு 2.9 கி.மீ. இன்னும் 165 கி.மீ. தள்ளி இருக்கும் பெரம்பலூருக்கு 18 சதவீதத்தோடு போய் இறங்கலாம்.

இந்த வகுத்தல் கணக்கை ஓட்டுபவர் போட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் போட்டால் போதும். ஹைவேயில் ரேஞ்ச் பார்ப்பதற்கென்று தனி ஆள் இருந்தால் குடும்பத்துக்கே நிம்மதி.

சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால்?

எல்லோரும் பயப்படும் இடம் இதுதான். முதல் கணக்கில் வந்த அதே கார். உளுந்தூர்பேட்டையில் 27 சதவீதத்தோடு போய் நிற்கிறது. ஆப்பில் ‘அவெய்லபிள்’ என்று காட்டிய சார்ஜர் நேரில் செத்துக் கிடக்கிறது. பெரம்பலூர் இன்னும் சுமார் 70 கி.மீ. நடுவில் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நேரம் ராத்திரி 10 மணி, பின்சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

வந்த வேகத்திலேயே, 100-ல் போனால் 31 சதவீதம் வேண்டும். இருப்பது 27. நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். 80-ல் போனால் 24 சதவீதம் போதும், ஆனால் 3 சதவீதத்தில் போய்ச் சேருவது சூதாட்டம். இடது ஓரத்தில் 60-ல் நிதானமாகப் போனால் சுமார் 20 சதவீதம்தான் செலவாகும். 7 சதவீதம் கையில் இருக்கும்போதே பெரம்பலூர் வந்துவிடும். பேட்டரியில் ஒரு யூனிட்டும் ஏறவில்லை, வேகத்தைக் குறைத்தது மட்டும்தான் அந்தக் குடும்பத்தை ஊர் சேர்த்திருக்கிறது.

ஆனால் இந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. நிற்கப் போகும் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு மிச்சத்தோடு முதல் சார்ஜருக்கு வந்து சேருங்கள். வெறும் 8 சதவீதத்தோடு ஒரே ஒரு கன் உள்ள இடத்தை நம்பிப் போவது வேண்டாம். கிளம்பும் முன்பே ஆப்பில் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். பிளக்ஷேர் போன்ற ஆப்களில் மற்ற ஓட்டுநர்கள் அன்றைய நிலவரத்தை எழுதி வைப்பார்கள். மத்திய அரசின் ‘இவி யாத்ரா’ ஆப்பிலும் சார்ஜர்களைத் தேடலாம். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி ஆப், தனி வாலட் என்பது பெரிய தலைவலிதான். அதை வீட்டில் வைஃபை இருக்கும்போதே இன்ஸ்டால் செய்து, கொஞ்சம் பணமும் போட்டு வைத்துவிட வேண்டும். டவர் கிடைக்காத இடத்தில் ஓடிபிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

காற்று எதிரே அடித்தால்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வந்ததும் பேட்டரி சட்டென்று இறங்கும். அங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றனவே, அதே காற்றுதான் காரையும் பிடித்துத் தள்ளுகிறது. கோவையில் இருந்து பாலக்காடு போகும் வழியிலும் அந்த சீசனில் இதே கதைதான்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 80-ல் போகும் காரின் மேல் 100-ல் போவது போன்ற காற்று மோதும். ரேஞ்ச் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். ஸ்பீடோமீட்டரில் 80 என்றுதான் இருக்கும், அதனால் காரணமே புரியாது. அந்தப் பகுதிக்குப் போகும்போது வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டு போவது நல்லது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், போனதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கனமழையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போதும் செலவு கூடும். ஆனால் மழையில் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் அது அவ்வளவாகத் தெரிவதில்லை.

"ஏங்க, ஏசியை ஆஃப் பண்ணிடட்டுமா?"

வேண்டாம். சித்திரை வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வழிய ஓட்டுவதில் பெரிய மிச்சம் இல்லை. உள்ளே ஒருமுறை குளிர்ந்த பிறகு ஏசி எடுப்பது சுமார் ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட். 100-ல் போகும் காருக்கு மொத்தம் சுமார் 18 கிலோவாட் தேவைப்படுகிறது. ஆக, ஏசியை முழுவதும் அணைத்தாலும் மிச்சமாவது 5 முதல் 8 சதவீதம்தான். அதற்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று உள்ளே புகுந்து இழுக்கும், மிச்சமானதும் போய்விடும். 100-ல் இருந்து 95-க்கு வேகத்தைக் குறைத்தாலே ஏறக்குறைய ஏசி செலவு வந்துவிடும்.

உண்மையில் ஏசி அதிகம் இழுப்பது, வெயிலில் நின்ற காரைக் குளிர வைக்கும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான். வீட்டில் சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆப் மூலம் ஏசியைப் போட்டு காரைக் குளிர வைத்தால், அந்தச் செலவு ஈபி கரண்டில் போய்விடும். 24, 25 டிகிரியில் வைத்தால் போதும், 18 வேண்டாம்.

மேலே கட்டிய மூட்டை

ஊரில் இருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், கரும்புக் கட்டு என்று அம்மாக்கள் ஏற்றிவிடுவதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். டிக்கியில் வைத்தால் 50 கிலோ கூடுதல் எடை ஹைவேயில் பெரிய பாதிப்பு இல்லை. கூரையில் கேரியர் போட்டுக் கட்டினால்தான் சிக்கல். ஏற்கெனவே காற்றுதான் எதிரி, அதற்கு எதிரே ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு போவது போல ஆகிவிடும். காலியான கேரியர்கூடக் காற்றை இழுக்கும், தேவையில்லாதபோது கழற்றி வீட்டில் வையுங்கள்.

டயர் காற்றை டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி நிரப்ப வேண்டும், ஃபுல் லோடு என்றால் அதற்கென்று தனி அளவு போட்டிருப்பார்கள். டயர் சூடாகும் முன், கிளம்பும்போதே பார்த்துவிடுவது சரி.

சிலர் ஆம்னி பஸ், லாரி பின்னாடியே ஒட்டிப் போனால் காற்று மறைவு கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் அந்த லாரி சடன் பிரேக் போட்டால் ரேஞ்சைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

ரீஜெனை எப்படி வைப்பது?

சிட்டியில் ரீஜென் அளவைக் கூட்டி வைப்பது லாபம். ஹைவேயில் குறைத்து வைப்பது நல்லது. பிரேக் பிடித்து மின்சாரமாக மாற்றி, அதைப் பேட்டரியில் ஏற்றி, திரும்ப எடுத்து வேகமாக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகிறது. அதைவிட ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் உருளவிடுவது சிக்கனம். டோல்கேட் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடலாம். சாலை காலியாக இருந்தால் க்ரூஸ் கன்ட்ரோல் உதவும், ஏனென்றால் நம் கால் தெரியாமல் 90, 95, 100 என்று ஏறிக்கொண்டே போகும். ஈகோ மோடு சீறிப் பாய்வதைத் தடுக்குமே தவிர, ஒரே வேகத்தில் போகும்போது அதிசயம் எதுவும் செய்யாது.

மலைப்பாதை வேறு கணக்கு. வத்தலகுண்டில் இருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது கார் சுமார் 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு மேலே தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 40 யூனிட் பேட்டரியில் அது கிட்டத்தட்ட கால் பங்கு. ஓடும் தூரத்துக்கான செலவு தனி. ஆகவே அடிவாரத்துக்கு 30 சதவீதத்தோடு வந்து நின்று மேலே ஏறப் பார்ப்பது வேலைக்கு ஆகாது.

இறங்கும்போது ரீஜெனைக் கூட்டி வைத்தால் ஏறியதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். ஆனால் மேலே ஹோட்டலில் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது, அதனால் ரீஜென் சரியாகப் பிடிக்காது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடாவது ரேஞ்ச் பிரச்னை இல்லை, உயிர் பிரச்னை. 80, 85 சதவீதத்தோடு இறங்கினால் போதும்.

வழியில் எவ்வளவு சார்ஜ் போடுவது?

80 சதவீதம் வரை. அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல கார்களில் கடைசி 20 சதவீதம் ஏற ஆகும் நேரம், அதற்கு முந்தைய 40 சதவீதம் ஏறும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பின்னால் இன்னொரு கார் காத்திருக்கும்போது 97, 98 என்று பார்த்துக்கொண்டு நிற்பது நமக்கும் லாபம் இல்லை, அவருக்கும் கடுப்பு. அடுத்த சார்ஜர் நிஜமாகவே தூரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

சார்ஜரில் எழுதியிருக்கும் கிலோவாட் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன் இருந்து, இரண்டிலும் கார் நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30-ஆகப் பிரிந்துவிடும். அதேபோல உங்கள் கார் 50 கிலோவாட்தான் வாங்கும் என்றால் 120 கிலோவாட் சார்ஜரில் நிறுத்தினாலும் 50-தான் ஏறும். அந்தப் பெரிய கன்னை வேறு காருக்கு விடலாம்.

இன்னொன்று, எல்எஃப்பி வகை பேட்டரி உள்ள கார்களுக்கு. இந்தியாவில் ஓடும் எலெக்ட்ரிக் கார்களில் பெரும்பாலும் இதுதான். இந்த வகையில் பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைக் காரால் துல்லியமாகக் கணிப்பது கஷ்டம். மாதக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓட்டினால் சதவீதக் கணக்கே பிசகிவிடும். 15 என்று காட்டியது திடீரென்று 8 ஆகும். கார் மேனுவலில் சொல்லியிருக்கும் இடைவெளியில் வீட்டு ஸ்லோ சார்ஜரில் 100 சதவீதம் வரை நிரப்பினால் கணக்கு நேராகும். ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு அதற்குச் சரியான நேரம்.

எல்லாம் மீறி வண்டி நின்றே போய்விட்டால்?

5 சதவீதத்துக்குக் கீழே போகும்போது பல கார்கள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாது. அந்த அறிகுறி வந்ததும் இன்னும் கொஞ்ச தூரம் பார்க்கலாம் என்று நினைக்காமல் சர்வீஸ் ரோடு, ஹோட்டல், பங்க் என்று வெளிச்சம் உள்ள இடத்தில் ஓரம் கட்டிவிட வேண்டும். ஹசார்டு லைட்டைப் போட்டு, எல்லோரும் காரைவிட்டு இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்பது பாதுகாப்பு.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, 24 மணி நேரமும் அழைக்கலாம். கார் நிறுவனத்தின் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எண்ணையும் முன்பே போனில் சேமித்து வைத்திருங்கள். உதவிக்கு வருகிறவர் கயிறு கட்டி இழுக்கலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். சக்கரம் உருளும்போது மோட்டாரும் சேர்ந்து சுற்றும், உள்ளே மின்சாரம் உற்பத்தியாகி பாகங்கள் கெட்டுப்போகலாம். சக்கரங்கள் தரையில் படாமல் முழுக் காரையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் லாரியாகக் கேளுங்கள். அருகில் உள்ள ஹோட்டலிலோ பங்கிலோ எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பிளக் பாயின்ட் கிடைத்தால், காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரைப் போடலாம். ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட் போல ஏறும். 60-ல் ஓட்டினால் 20, 25 கி.மீ.க்கு அது போதும். அந்த கேபிளை டிக்கியின் அடியில், மூட்டைகளுக்குக் கீழே போட்டுவிடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.